விழுந்தால் ஒலிக்கும் கருவியும் ‘99 சதவீதத் துல்லிய’மும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியவர்கள் தவறி விழுந்தால் வீட்டாருக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பொறியியல் மாணவர்கள் உருவாக்கியிருப்பது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எடுத்துக்கொண்ட விஷயம் நல்ல விஷயம். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் கட்டுரை, ‘99 சதவீதத் துல்லியம்’ என்ற ஒற்றை எண்ணோடு திருப்தியடைந்துவிட்டது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வழக்கமான செய்முறை இதுதான். ஆய்வகத்தில் மெத்தையை விரித்து, இடுப்பில் சென்சாரைக் கட்டிக்கொண்டு இருபது வயது மாணவர்கள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் விழுவார்கள். பிறகு நடப்பார்கள், உட்காருவார்கள், படியேறுவார்கள். பதிவை இரண்டு விநாடித் துண்டுகளாக வெட்டி, கலைத்துப்போட்டு, பெரும்பங்கைக் கணினிக்குப் பயிற்சியாகக் கொடுத்து, மீதியில் சோதிப்பார்கள். கலைத்துப்போடும்போதே ஒரே மாணவரின் துண்டுகள் இரண்டு பக்கமும் போய்விடுகின்றன. கணினி விழுவதைக் கற்கிறதோ இல்லையோ, அந்த மாணவரின் அசைவைக் கற்றுக்கொள்கிறது. 99 சதவீதம் வராமல் என்ன செய்யும்? சோதனைக்கு ஒதுக்கிய ஆளின் ஒரு துண்டுகூடப் பயிற்சியில் சேராமல் ஆள் ஆளாகப் பிரித்து ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

சொந்தமாகப் பதிவு எடுக்காதவர்கள், கொலம்பியாவில் தொகுத்து 2017-இல் வெளியிட்ட ‘சிஸ்ஃபால்’ போன்ற தரவுத் தொகுப்புகளை இறக்கிக்கொள்கிறார்கள். அதில் விழுந்து காட்டியவர்கள் 23 இளைஞர்களும், 60 வயதுக்காரர் ஒரே ஒருவரும்தான். 62 வயதுக்கு மேற்பட்ட 14 பேர் அன்றாட அசைவுகளை மட்டும் செய்தார்கள். முதியவரை விழுந்து காட்டச் சொல்ல முடியாது, அது நியாயம். ஆனால் முதியவர்களின் பதிவில் சோதித்தால் திறன் நன்றாகவே இறங்குகிறது என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்பு, 2012-இல், நிஜமாக நடந்த 29 விழுதல்களின் பதிவில், விழுவதைக் கண்டறியும் 13 கணினி வழிமுறைகளைச் சோதித்த ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக நூற்றுக்கு 57-ஐத்தான் அவை பிடித்தன. மூன்று பேரை ஒருநாள் கண்காணித்ததில் பொய் அலாரம் வழிமுறைக்குத் தக்கபடி 3 முதல் 85 வரை.

99 சதவீதம் என்பது எவ்வளவு குறைவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் இரண்டு விநாடித் துண்டுகள் 28,800. அதில் ஒரு சதவீதம் தவறினால் நாளைக்கு 288 பொய் அலாரம். தவறு ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் 29 அலாரம் மிச்சம். கருவியைக் கட்டியிருக்கும் அம்மா உண்மையில் விழுவது ஆண்டுக்கு ஒருமுறையாக இருக்கலாம். இரண்டாவது நாளே திருப்பூர் மகன் செய்தியை அணைத்துவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, நம் ஊர் உடம்பு செய்யும் வேலைகள் அந்தத் தரவுகளில் இல்லை. கல்லில் துணியை அடித்துத் துவைப்பது, உலக்கை போடுவது, குனிந்து வாசல் பெருக்குவது, குத்த வைத்து உட்கார்ந்து எழுவது, முட்டி வலியில் கடைசி அரை அடியைத் தொப்பென்று தரையில் விட்டு உட்காருவது. மணிக்கட்டில் கட்டினால் முதல் இரண்டுமே அலாரம் அடிக்கும். இடுப்பு நல்ல இடம்தான். ஆனால் புடவைக் கொசுவத்துக்கு அடியில் பட்டையைக் கட்டினால் சித்திரை வெயிலில் வேர்த்து அரித்து, மூன்றாம் நாள் அது ஆணியில் தொங்கும். சுருக்குப்பையில் போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். பை ஆடும், திரும்பும். உடம்பு படுத்த நிலையில் இருக்கிறதா என்பதை அதிலிருந்து சொல்ல முடியாது. நேர்மாறான சிக்கலும் உண்டு. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துபோகிறவருக்கு மோதலே இல்லை. மோதலைத் தேடும் கருவி அவரைத் தவறவிடும்.

கருவியின் உள்ளே மாணவர்கள் திரும்பத் திரும்பத் தடுமாறும் இடங்கள் சில. அசைவை அளக்கும் எம்.பி.யு. 6050 சென்சாரை அப்படியே வைத்தால் அதன் அளவெல்லை 2 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இரண்டு மடங்கு. விழும்போது மோதல் அதைத் தாண்டும். வரைபடத்தின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். வேகமாக உட்காருவதும் விழுவதும் ஒன்றுபோலத் தெரியும். எல்லையை 8 அல்லது 16 ஜி-க்கு மாற்ற வேண்டும். கருவியை இயக்கும் சின்னக் கணினிச் சில்லான இ.எஸ்.பி. 32-ஐ வைஃபையோடு ஓயாமல் ஓட்டினால் 100 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. வைஃபை இல்லாத வீட்டுக்கு என்று செல்போன் சிம் போட்டுச் செய்தி அனுப்பும் சிம் 800 எல் பலகையைச் சேர்ப்பார்கள். அது செய்தி அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை கேட்கும். மெல்லிய வயரும் சின்ன பேட்டரியும் கொடுத்தால் மின்னழுத்தம் விழுந்து, அலாரம் போகவேண்டிய அதே கணத்தில் கருவி அணைந்து மறுபடி தொடங்கும். அந்தப் பலகை பழைய 2ஜி செல்போன் அலைவரிசையில் மட்டுமே பேசும். ஜியோவில் 2ஜி கிடையாது. வீட்டில் இருப்பது ஜியோ சிம் என்றால் கதை முடிந்தது.

‘மருந்தா கொடுக்கிறோம், ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி எதற்கு’ என்ற பேச்சும் பொறியியல் துறைகளில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் மனிதர்களைக் கொண்டு நடத்தும் எல்லா உடல்நல ஆய்வுக்கும் பொருந்தும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் விளக்கம் முழுதும் உடனிருக்க வேண்டும். மகன் கையெழுத்து மட்டும் போதாது, கட்டிக்கொள்ளப்போவது அம்மா.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை, அலாரம் அடித்த பிறகு யார் போவது என்பது. பக்கத்து வீட்டுக்காரர் இருவரின் எண், அவர்களிடம் ஒரு மாற்றுச் சாவி, போனவருக்கு என்ன செய்யத் தெரியும் என்பது திட்டத்திலேயே இருக்க வேண்டும். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருக்கிறது என்றால் எலும்பு முறிந்திருக்கலாம். தூக்கி உட்கார வைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இந்தப் பகுதியை எழுதத் தெரிந்தவர்கள் சமூகப் பணித் துறையினர். மதுரையில் பொறியியல் கல்லூரி, 1954 முதல் இயங்கும் மருத்துவக் கல்லூரி, சமூகப் பணி கற்பிக்கும் கல்லூரிகள் எல்லாம் டவுன் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. திட்டம் முடிந்து கையெழுத்து வாங்கப் போகிற மாணவர்கள், தொடங்கும் முன்பே போகலாம்.

அப்படிப் போனால் முதல் கேள்வியே மாறும்: ஏன் விழுகிறார்? நாட்டிங்ஹாமில் 70 வயதைக் கடந்த பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், முதல் கண்ணில் புரை அறுவையைத் தள்ளிப்போடாமல் செய்துகொண்டவர்கள், காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய ஊரில், சென்சார் கட்டுவதற்கு முன் கண்ணைப் பார்க்காமல் விடுவது விசித்திரம்தான். அடுத்தது ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், இரவில் கொல்லைப்புறம் போகும்போது தலை சுற்றி விழுபவர் அவர். மாத்திரையை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நிற்க வைத்தும் அளப்பதைச் சேர்த்து ஒரு வட்டாரத்தில் ஆய்வாகவே செய்யலாம். செலவும் அதிகமில்லை.

கட்டுரையாளர் அந்த மாணவர்களை மறுபடி சந்தித்தால் ஒன்று கேட்டு எழுதட்டும்: கருவியை ஒருவர் தன் வீட்டில் முப்பது நாள் தொடர்ந்து அணிந்ததில் பொய் அலாரம் எத்தனை, சார்ஜ் இல்லாமல் கிடந்த நாள் எத்தனை?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.