நுழைவுச் சுங்கம் வேறு, நெரிசல் கட்டணம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாஷி, ஐரோலி, தஹிசர், முலுண்டில் இரண்டு என மும்பையின் ஐந்து நுழைவாயில்களிலும் கார் உள்ளிட்ட இலகுரக வாகனங்களுக்கான சுங்கத்தை 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் மாநில அரசு நீக்கியது. இச்சாவடிகளை நாள்தோறும் கடக்கும் சுமார் மூன்றரை லட்சம் வாகனங்களில் 2.8 லட்சம் இலகுரக வாகனங்கள் என்று அரசு அப்போது தெரிவித்தது. காருக்கு 45 ரூபாய் கட்டிவந்த நவி மும்பை, தாணே தமிழ்க் குடும்பங்களுக்கு இது நியாயமான ஆறுதல்தான். ஆனால் சுங்கம் போனதால் நெரிசலும் தீரும் என்று நம்புவதும், நெரிசல் மிகுந்த பகுதிக்குள் வரும் வாகனங்களிடம் வாங்கும் நெரிசல் கட்டணம் என்ற பேச்சை எடுத்தாலே பழைய சுங்கம் திரும்பி வருகிறது என்று சீறுவதும் சரியல்ல.

பழைய சுங்கம் மேம்பாலங்கள் கட்டிய செலவை ஈடுசெய்ய விதிக்கப்பட்டது. காலை ஒன்பது மணிக்கும் நள்ளிரவு ஒரு மணிக்கும் அது ஒரே தொகைதான். ஆகவே பயண நேரத்தை மாற்றிக்கொள்ளவோ காரை விட்டுப் பேருந்தில் ஏறவோ அது யாரையும் தூண்டவில்லை. சாவடியில் நின்று நின்று நகர்ந்த வரிசையே ஒரு நெரிசலாக இருந்தது என்பதும் உண்மை. அந்த வரிசை ஒழிந்தது நல்லதே. எனினும் வாஷியில் தெரியும் மாற்றம் முழுவதையும் சுங்க நீக்கத்தின் கணக்கில் எழுத முடியாது. வாஷியை மும்பையுடன் இணைக்கும் தாணே கழிமுகத்தின் மூன்றாவது பாலத்தில் மும்பையிலிருந்து வெளியேறும் பகுதியும் அதே நாள்களில்தான் திறக்கப்பட்டது.

வாஷி சாவடியைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதைச் செம்பூர்வாசிகள் அன்றாடம் பார்க்கிறோம். மான்குர்த்திலிருந்து சயான் வரை காலையில் ஊர்ந்து வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் ஓட்டுபவர் ஒருவரே இருக்கிறார். அவற்றுக்கு நடுவே, படிக்கட்டு வரை ஆள் நிற்கும் ‘பெஸ்ட்’ எனும் மாநகரப் பேருந்து அசையாமல் நிற்கிறது. இடித்துக் கட்டுவதற்காக சயான் ரயில் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டதால் தாராவி மக்கள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லண்டனில் 2003 பிப்ரவரியில் நெரிசல் கட்டணம் தொடங்கிய அன்றே சுமார் 300 கூடுதல் பேருந்துகள் சாலைக்கு வந்தன. ஸ்டாக்ஹோமில் 2005 ஆகஸ்டிலேயே பேருந்துகளைக் கூட்டிவிட்டு, 2006 ஜனவரியில்தான் கட்டணத்தைச் சோதனையாகத் தொடங்கினார்கள். பேருந்துகள் மட்டும் கூடியபோது வாகன எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. கட்டணம் வந்ததும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சோதனை முடிந்ததும் மீண்டும் ஏறியது. பின்னர் ஸ்டாக்ஹோமில் நிலையாகிவிட்ட இக்கட்டணத்துக்குச் சாவடியும் இல்லை, வரிசையும் இல்லை. எண் பலகையைக் கேமரா படிக்கிறது, நேரத்துக்கு ஏற்பத் தொகை மாறுகிறது. லண்டனில் சில ஆண்டுகளில் நெரிசல் பழைய நிலைக்குத் திரும்பியது என்பதையும் மறைக்கக் கூடாது. சாலைப் பணிகளும், பாதசாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் சாலையைப் பிரித்துக் கொடுத்ததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

மும்பையிலோ நிலைமை தலைகீழ். ஒரு காலத்தில் நாலாயிரத்துக்கும் மேல் இருந்த பெஸ்ட் பேருந்துகள் மூவாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. 2025 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. கார்க்காரருக்கு 45 ரூபாய் மிச்சம், பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு இரட்டிப்புச் செலவு என்ற இந்தக் கணக்கு எந்த வகையில் நியாயம்?

நெரிசல் கட்டணம் பற்றி அரசு யோசிப்பதானால், உச்ச நேரத்துக்கு மட்டும், சாவடியே இல்லாமல் அது அமைய வேண்டும். வசூலாகும் பணம் முழுவதும் பெஸ்ட் பேருந்துகளுக்கே என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதற்கு முன்பாக, மான்குர்த் – சயான் தடத்தில் பேருந்துகளுக்கெனத் தனிப்பாதை ஒதுக்கி, கூடுதல் வண்டிகளை விட்டு, ஆறு மாதமாவது நடத்திக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செம்பூர் வாசகர், மும்பை.