சம்பூரில் சூரியத் தகடு பூட்டும் முன்பே எங்கள் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குங்கள்

திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நான் மூதூர்ப் பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயரிங் செய்பவன். சம்பூருக்கு 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் என்று 2025 ஏப்ரலில் தொடக்க விழாவும் நடந்தது. வேலை வரும் என்று ஊரே பார்த்திருக்கிறது. அந்த வேலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் என் கவலை.

ஒரு தகடு 550 வாட் என்று வைத்தாலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் தகடுகள் பூட்ட வேண்டும். தூண் இறக்க, சட்டம் பூட்ட, கேபிள் இழுக்க நிறையப் பேர் தேவை. பூட்டி முடிந்தால் புல் வெட்டவும் தூசி கழுவவும் காவலுக்கும் கொஞ்சப் பேர் போதும். மற்றதைக் கொழும்பில் இருந்தே திரையில் பார்க்கலாம்.

வேளாண்மை வெட்டில் இதைக் கண்டுவிட்டோம். தாக்கத்தியோடு கூட்டமாக இறங்கிய வயலை இன்று வெட்டு மெசின் ஏக்கருக்கு ஒரு மணித்தியாலம் என்று முடிக்கிறது. மழைக்கு முன் நெல் வீடு சேருவது விவசாயிக்குப் பெரிய ஆறுதல். மெசினைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கூலி இழந்தது எங்கள் பெண்கள். மெசினை ஓட்டவும் திருத்தவும் வந்தவர்கள் பெரும்பாலும் வெளி மாவட்டத்தார். நேரத்தோடு எங்கள் பிள்ளைகளுக்கு அதை யாரும் பழக்கவில்லை.

என்னோடு நிற்கும் பொடியன்கள் வீட்டு வயரிங்கைத் தனியாகவே முடிப்பார்கள். அதே வீட்டுக் கூரைச் சோலாரின் இன்வேட்டரில், அதாவது தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டியில், சிவப்பு விளக்கு எரிந்தால் கைவைக்க மாட்டார்கள். வைக்கவும் கூடாது. மெயின் சுவிச்சை இறக்கினாலும் வெயில் இருக்கும்வரை தகட்டுக் கம்பியில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். பார்த்துப் பழகுகிற தொழில் அல்ல இது, முறையாகப் படிக்க வேண்டும். படிக்க இங்கே இடம் எங்கே?

எங்கள் மாவட்டத்து முத்துநகர் விவசாயிகள் சூரிய மின்திட்டத்துக்கு வயல் போகிறதென்று போராடியதை நீங்கள் அறிவீர்கள். வயல் போனால் போகம் போகமாகக் கிடைத்த வேலையும் போகும். அந்தக் கணக்கும் உங்கள் மேசைக்கு வரவேண்டும்.

கட்டுமானம் முடிந்த பின் நிலைக்கும் பதவிகள் எவை, எத்தனை, என்ன தகைமை தேவை என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கேற்ற என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் தரப் பாடநெறியை மூதூரிலேயே, தமிழில், உண்மையான இன்வேட்டரை மேசையில் வைத்துத் தொடங்குங்கள். சாதாரண தரத்தோடு நின்றவர்களும் பெண்பிள்ளைகளும் சேர வழி இருக்கட்டும்.

பதவிப் பட்டியலை அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். கிடைத்ததும் மூதூர் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூதூர் மின்வேலையாள் ஒருவன்