மார்ச் மாதத்தில் குளிர்கால ரயரைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வசந்தகாலச் சிறப்பிதழை ஆசையோடுதான் பிரித்தேன். வீடு, வாகனப் பராமரிப்புப் பக்கத்தில், "மார்ச் 20 உடன் குளிர்காலம் முடிகிறது; இந்த வார இறுதியிலேயே குளிர்கால ரயர்களைக் கழற்றிவிடுங்கள்" என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

ரொறன்ரோவில் ஏரிக்கரையோரம் இருப்பவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ரொறன்ரோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரியையும் தாண்டிச் சின்ன ஊர்களில் இருக்கும் நாங்களும் சந்தா கட்டித்தான் உங்கள் பத்திரிகையை எடுக்கிறோம். ஜனவரிக் குளிர் எங்களுக்குப் பழக்கம். அது குளிராகவே இருக்கும். அதற்கேற்றபடி உடுத்தி, நடந்து, வாகனம் ஓட்டிக்கொள்வோம். மார்ச்தான் ஆளை ஏமாற்றும். காலையில் மைனஸ் 9 பாகை, மதியம் பிளஸ் 8. கூரையில் கிடந்த பனி உருகிப் படியில் வழியும். இரவானதும் அதே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகக் கிடக்கும். பாலங்கள் இன்னும் மோசம். மேலேயும் கீழேயும் குளிர்காற்றுப் படுவதால் வீதிக்கு முன்னமே உறைந்துவிடும். சாதாரண ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கத்தில் விடியற்காலை வெப்பம் அந்த அளவை எட்ட, பல வருடங்களில் மே மாதம் ஆகிவிடுகிறது. காலை ஆறு மணி வேலைக்கு ஓடுகிற நம் பிள்ளைகள் அந்த வரியை நம்பி ரயரைக் கழற்றினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

பனி விழுந்தால்கூடச் சமாளிக்கலாம், அள்ளி ஒதுக்கலாம். உறைபனி மழையை என்ன செய்வது? வானத்தில் வெதுவெதுப்பான ஒரு காற்றடுக்கு, தரையை ஒட்டிப் பூச்சியத்துக்குக் கீழே மெல்லிய ஒரு குளிரடுக்கு. மேலே உருகி மழையாக வருகிற பனிக்குக் கீழே மறுபடி உறைய நேரம் கிடைப்பதில்லை. தண்ணீராகவே வந்து கிளை, கம்பி, கார்க் கண்ணாடி, கதவுப் பூட்டு என்று தொட்ட இடத்திலெல்லாம் ஐஸாக ஒட்டிக்கொள்கிறது. யன்னலால் பார்த்தால் வெறும் மழைதான்.

2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை அப்படித்தான் தொடங்கியது. உங்கள் நாட்காட்டிப்படி வசந்தம் பிறந்து ஒரு வாரம் கழிந்திருந்தது. ஞாயிறு வரை விட்டுவிட்டுப் பெய்தது. ஒறிலியா, பீற்றர்பரோ நகரங்களில் அவசரநிலை அறிவித்தார்கள். இரவு முழுவதும் மேப்பிள் கிளைகள் முறிகிற சத்தம், துவக்குச் சூடு மாதிரி. என் கணவர் நித்திரையில் எழும்பி, யன்னலை விட்டுத் தள்ளிப் படு என்றார். எந்த ஊர்ப் பழக்கம் அது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நகரத்தில் கரண்ட் போனால் வெளிச்சம் போகும். எங்களுக்குத் தண்ணீரும் போகும், கிணற்று மோட்டார் கரண்டில்தான் ஓடுகிறது. வாளி வாளியாகப் பனியை அள்ளி வந்து விறகடுப்பில் உருக்கினோம். ஒரு வாளிப் பனி உருகினால் அடியில் கொஞ்சத் தண்ணீர்தான் மிஞ்சும், அதிலும் இலைச்சருகு. கழிவறைக்கு ஊற்றவே போதாது. இந்தப் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லை, அந்தப் பக்கம் பேஸ்மென்றில் தண்ணீர் ஏறுகிறது, ஏனென்றால் அதை வெளியே இறைக்கிற பம்பும் நின்றுவிட்டது. அப்புறம் ஒரு கிளை விழுந்து, சுவரில் மின்கம்பி வந்து சேரும் குழாயை வளைத்துவிட்டது. கம்பி மின்நிறுவனத்தினுடையது, குழாய் வீட்டுக்காரருடையது என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது. மின்பணியாளரைப் பிடித்துத் திருத்தி, பரிசோதனையும் முடிந்த பிறகுதான் இணைப்புத் தருவார்கள். வீதி முழுக்க வெளிச்சம் வந்த பிறகும் எங்கள் வீடு இருட்டாகவே கிடந்தது.

அந்த வாரம் உங்கள் பத்திரிகையில் என்ன வந்தது? ஐஸ் மூடிய ஒரு கிளையின் படம். கீழே "இயற்கை செதுக்கிய கண்ணாடிச் சிற்பம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கிளைகளைத்தான் எங்கள் கூரையிலிருந்து வாளால் அறுத்து இறக்கிக்கொண்டிருந்தோம். 2013 டிசம்பரில் ரொறன்ரோ இருளில் மூழ்கியபோது எந்த இடத்தில் சூடான மண்டபம் திறந்திருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று நீங்கள் அக்கறையோடு எழுதியதை நான் மறக்கவில்லை. அப்போது நானும் ஸ்காபரோவில்தான் இருந்தேன், அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் போனோம். வடக்கே வந்த பிறகு நாங்கள் உங்களுக்கு யார்? அந்தப் படம் பற்றி அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, சரி. ஒரு பதிலாவது போட்டிருக்கலாம்.

ஆனால் வீட்டு விளம்பரத்துக்கு மட்டும் குறைவில்லை. வடக்கே வீடு மலிவு, காணி பெரிது என்று பக்கம் பக்கமாக வருகிறது. அதைப் பார்த்து வருகிற இளம் குடும்பங்களுக்குக் கிணற்று மோட்டாரைப் பற்றியோ, ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டினால் நச்சுவாயு உயிரை எடுக்கும் என்றோ, அறுந்த கம்பிக்கு 10 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்றோ தமிழில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அதே சிறப்பிதழில் முதியவர்கள் காலை நடையைத் தொடங்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் மச்சாள் ஒரு மார்ச் காலையில் ஒரு கட்டட வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஒன்ராறியோவில் தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ விழுந்து காயப்பட்டு இழப்பீடு கேட்பதென்றால் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நகரசபை நடைபாதை என்றால் 10 நாள்தான். அவவுக்கு அது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. நீங்கள் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும், அவ உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவ.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ரயர் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முடியும் வரை வானிலைப் பெட்டியில் ரொறன்ரோவுக்குக் கீழே பாரி, ஒறிலியா, பீற்றர்பரோ மூன்றையும் சேருங்கள். உறைபனி மழை எச்சரிக்கை இருந்தால் அதையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு வீட்டு விளம்பரத்தைச் சின்னதாக்கினால் போதும்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
சிம்கோ மாவட்டம், ஒன்ராறியோ