மத்தளம் விழுந்தால் உறுமிய பெட்டி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கல்யாணத்துக்குக் காரைதீவுக்குக் குடும்பத்தோடு வருவோம்; அந்தக் கதையெல்லாம் நேரில். நீ கேட்ட, வீட்டு மின்சாரத்தில் கார் அம்ப்ளிபயரை ஓட்டும் பவர் சப்ளையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய கார் அம்ப்ளிபயருக்கு 13.8 வோல்ற்றில் 10 அம்பியர் வேண்டியிருந்தது. 18 வோல்ற் ட்ரான்ஸ்போமர், ஏசியை டிசியாக்கும் 35 அம்பியர் பிரிட்ஜ், வோல்ற்றை ஒரே அளவில் வைத்திருக்கும் 723 ஐசி, அதற்குப் பின்னால் பெரிய மின்னோட்டத்தைச் சுமக்கும் 2என்3055 ட்ரான்சிஸ்டர்கள். வடமோடிக் கூத்துக் கசெற்றைப் போட்டேன். அண்ணாவியார் தனித்துப் பாடும்வரை சுகம்; மத்தளம் விழுந்ததும் பெட்டி உறுமியது. ஐசியை மாற்றினேன். ட்ரான்சிஸ்டர்களை மாற்றினேன். போலிச் சாமான் விற்றதாகக் கடைக்காரரோடு சண்டைகூடப் பிடித்தேன். பாவம் அந்த மனிதர்!

குற்றவாளி, பிரிட்ஜுக்குப் பின்னால் மின்னைத் தேக்கிவைக்க நான் போட்டிருந்த ஒற்றை 10,000 மைக்ரோபரட் கப்பாசிட்டர்தான். பள்ளிக்கூடத்தில் 'கொள்ளளவி' என்று மனப்பாடம் செய்தோமே, அதே சாமான். நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை நிரம்பும். இடைப்பட்ட 10 மில்லிசெக்கனில், மத்தளம் விழுந்து அம்ப்ளிபயர் 10 அம்பியரை உறிஞ்சினால் 10 வோல்ற்வரை இறங்கிவிடும். கப்பாசிட்டரில் உச்சமாக 22 வோல்ற்றில் நிற்க வேண்டியது 14க்கு விழுந்தால் 723 எதை வைத்து ஒழுங்காக்கும்? வெளியே தருவதைவிட 3 வோல்ற்றாவது கூடுதலாக உள்ளே இருக்க வேண்டும். மீற்றரோ சராசரியாக 18 என்று காட்டி என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. தெரிந்த பையன் ஒருவனின், வோல்ற் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் ஒசிலோஸ்கோப்பில்தான் அந்தப் பள்ளத்தைக் கண்டேன். இன்னும் நான்கு கப்பாசிட்டர்களைச் சேர்த்தேன். இறக்கம் 2 வோல்ற்றுக்குள் அடங்கியது, உறுமலும் போயிற்று.

முழுச் சுமையில் ஏறத்தாழ 80 வாட் வெறும் சூடாகப் போகிறது. ஆகவே மூன்று ட்ரான்சிஸ்டர்களைப் பக்கம் பக்கமாகப் போடு. ஒவ்வொன்றின் எமிற்றர் காலிலும் 0.1 ஓம் தடை இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்றே எல்லாவற்றையும் சுமந்து செத்துப்போகும். சூட்டை வெளியேற்றப் பெரிய ஹீற்சிங்க் என்ற உலோகத் துண்டும் விசிறியும் வேண்டும். கடற்காற்று உங்கள் பக்கமும் சும்மா விடாது, திருகாணிகள் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடாதே. ட்ரான்சிஸ்டர் ஷோட் ஆனால் 20க்கு மேற்பட்ட வோல்ற் நேரே அம்ப்ளிபயருக்குள் பாயும். வெளியீட்டுக்குக் குறுக்கே, தூண்டியதும் மின்னைக் கடத்தும் தைரிஸ்டர் ஒன்றையும், 15 வோல்ற்றுக்கு மேல் போனால் அதைத் தூண்டும் சுற்றையும், முன்னால் பியூஸையும் வை. வோல்ற் 15ஐத் தாண்டினால் தைரிஸ்டர் ஷோட் ஆகிப் பியூஸ் எரியும், அம்ப்ளிபயர் பிழைக்கும்.

உன்னிடம் இருக்கும் தென்மோடிக் கூத்துக் கசெற்றைக் கல்யாணச் சந்தடியில் எங்கேயும் தொலைத்துவிடாமல் எடுத்து வை. வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்