16 ஆம் பிரிவில் தண்டனை பெற்றவர்களுக்கு என்ன வழி?

ஆசிரியர் அவர்கட்கு,

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லித்தான் இன்று ஆளும் தேசிய மக்கள் சக்தி 2024 இல் வாக்குக் கேட்டது. 1979 இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்த சட்டம் இது. நீக்கட்டும். ஆனால் உங்கள் பத்திரிகை உட்பட எல்லோரும் தடுப்புக்காவல் எத்தனை மாதம் என்பதிலேயே நிற்கிறீர்கள். 2022 இல் 18 மாதத்தை 12 ஆக்கிவிட்டுப் பெரிய சலுகை என்றார்கள். பொலிசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக்கும் 16 ஆம் பிரிவைத் தொடவேயில்லை.

மட்டக்களப்பில் சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிங்களம் வாசிப்பேன் என்பதால் இந்தச் சட்டத்துக் கோவைகள் என் மேசைக்குத்தான் வரும். பல கோவைகளில் இருப்பது ஒன்றே ஒன்று: சிங்களத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலம், அடியில் கைநாட்டு. ஆயுதமோ கண்ட சாட்சியோ இராது. “இதில என்ன தம்பி எழுதிக் கிடக்கு?” என்று தாய்மார் கேட்பார்கள். வாசித்துச் சொன்னால், “அவனுக்குச் சிங்களத்தில தண்ணி கேட்கவும் தெரியாதே” என்பார்கள்.

சாதாரணக் கொலை வழக்கில், பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவர் பதிந்தால் அது சான்று. அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அடி வாங்கியவன் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவன் எங்கே போய்ச் சாட்சி பிடிப்பான்?

எங்கள் மாவட்டத்து நாவற்காட்டில் 1993 இல் பிடிபட்ட நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை எடுங்கள். அவர் வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரர்தான். முதுகில் தழும்பும் இடது கண்ணில் காயமும் இருந்ததாக மருத்துவ அறிக்கை சொன்னது. ஏன் நீதவானிடம் முறையிடவில்லை என்று கேட்டு, வாக்குமூலத்தை மேல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1995 இல் 50 வருடம். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 இல் சொன்னது. அந்தக் குழுவிடம் தனியாட்கள் முறையிட இடம்தரும் நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006 இல் நம் உயர் நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

தமிழருக்கு மட்டும் வந்த வினையென்றும் சொல்ல முடியாது. தீவிரவாதத்தைக் கண்டித்துத் தமிழில் எழுதிய கவிதைகளுக்காகவே தீவிரவாதி எனப் பிடிபட்ட முஸ்லிம் கவிஞர் அஹ்னாப் ஜசீம், பிணை கிடைக்கும்வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 இல் வழக்கிலிருந்தே விடுதலையானார். 88, 89 இல் தெற்கில் இதே சட்டத்தில் ஜே.வி.பி.யினர் என்று அள்ளிச் செல்லப்பட்டவர்கள் யாருடைய தோழர்கள் என்று இன்று அமைச்சுக் கதிரைகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சட்டம் போனாலும் அதனால் விழுந்த தீர்ப்பு தானாகப் போகாது. எனவே நீக்கும் சட்டமூலத்திலேயே ஒரு ஏற்பாடு வேண்டும்: பொலிஸ் வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டித்த ஒவ்வொரு வழக்கையும் மேன்முறையீட்டு நீதிமன்றம் மீள எடுக்க வேண்டும். அதை மட்டும் நம்பி இழுபடும் வழக்குகளைச் சட்டமா அதிபர் கைவிட வேண்டும். ஜனாதிபதி மன்னிப்பைக் காட்டி இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மன்னிப்பில் வந்தவனும் ஊரில் குற்றவாளிதான். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டால் என்ன செய்வான்?

சட்டமூலம் வரும் அன்று, மாதக் கணக்கை எழுதுமுன் இந்த ஏற்பாடு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்டத்தரணி கிளாக்,
மட்டக்களப்பு