எங்கப்பா வீல்சேர எங்க ஊரு மெக்கானிக் ரிப்பேர் பாக்க சட்டம் வேணும்: நெல்லை, தென்காசி பத்து எம்எல்ஏக்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம், அந்தப்பக்கம் தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், பத்து தொகுதிக்கும் சேத்துதான் எழுதுதேன். கட்சி பாத்து எழுதல.

நாங்க ராதாபுரம் பக்கம். அப்பா பனையேறி. எட்டு வருசம் முன்ன ஒரு சித்திரை மாசம், பதநீ நல்லா இறங்குற நேரம், மரத்துல இருந்து விழுந்து கழுத்துல தண்டுவடம் அடிபட்டுட்டு. காலு ரெண்டும் அசையாது, கையில பாதி உசுருதான், வலது கையால ஒரு சின்ன குச்சிய தள்ளுத அளவுக்கு இருக்கு, அது போதும்லா பவர் வீல்சேருக்கு. சவூதில இருக்குற மாமா பணம் அனுப்பி ஒண்ணு வாங்குனோம். அது வந்த அன்னைக்கு அப்பா யாரும் பிடிக்காம தானா முடுக்கு தாண்டி கோயில் முக்கு வரைக்கும் போயிட்டு வந்தாவ, அம்மா நடையில நின்னு அழுதுட்டே பாத்துட்டு இருந்தா. அந்த சேர் எங்களுக்கு என்னன்னு இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல.

போன வருசம் ஒருநா காலையில சுவிட்ச போட்டா ஜாய்ஸ்டிக்குல, அதான் அப்பா தள்ளுத அந்த குச்சியில, லைட்டு ஏழு தடவ மினுக்கும், நிக்கும், திரும்ப ஏழு தடவ மினுக்கும், சேர் ஒரு இஞ்ச் நகரல. வள்ளியூர்ல ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்காரு, டூவீலரும் பாப்பாரு, மோட்டாருக்கு காயில் கட்டுற வேலையும் தெரியும். கூப்பிட்ட உடனே வந்து மீட்டர வச்சு பாத்தாரு, 12 வோல்ட் பேட்டரி ரெண்டும் சரியா இருக்கு, மோட்டாருக்கு நேரா கரெண்ட் குடுத்தா ரெண்டு பக்கமும் சுத்துது, அப்ப ஜாய்ஸ்டிக்தான் போயிருக்குன்னு அரை மணி நேரத்துல சொல்லிட்டாரு. "பார்ட்ட மட்டும் வாங்கிக் குடும்மா, நான் மாட்டிருதேன்"னாரு. கம்பெனிக்கு போன் போட்டா தனியா பார்ட் விக்க மாட்டோம், புதுசு மாட்டுனாலும் எங்க மெசின வச்சு புரோகிராம் பண்ணாதான் ஓடும், அத வெளியாளுக்கு தர மாட்டோம், சேர முழுசா பெங்களூருக்கு அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க. லாரி பார்சல்ல போட்டு அனுப்புனோம். திரும்பி வர பதினோரு வாரம் ஆச்சு.

அந்த பதினோரு வாரமும் அப்பா கட்டில்ல. பழைய மடக்கு சேர் ஒண்ணு கெடக்கு, அதுல சீட்டு தொட்டில் மாதிரி தொங்கிப் போச்சு, அரை மணி நேரத்துக்கு மேல உக்கார முடியாது. தண்டுவடம் போனவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் போடணும், பகல்ல அம்மா பீடி சுத்துத தட்ட கீழ வச்சிட்டு பொரட்டுவா, ராத்திரி நான். அப்படி பாத்தும் வால் எலும்பு கிட்ட தோலு மொத செவந்துச்சு, அப்புறம் கருத்துச்சு, அப்புறம் எலும்பு தெரியுத மாதிரி குழிஞ்சிட்டு. அவிகளுக்கு அங்க வலியே தெரியாது. நாத்தம் வந்த பிறகுதான் எவ்வளவு ஆழம்னு எங்களுக்கே புரிஞ்சுது. கடைசியில காப்பீட்டு அட்டையில சேத்து ஆபரேசன் பண்ணி தொடையில இருந்து சதை எடுத்து வச்சு மூடுனாங்க.

நான் சொல்ல வந்ததே இந்த எடத்துலதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருசத்துக்கு 5 லட்சம் வரை ஒரு குடும்பத்துக்கு உண்டு, அந்த அட்டை இல்லன்னா நாங்க தெருவுக்கு வந்திருப்போம், அதுக்கு கும்பிட்டுக்கிடுதேன். ஆனா அந்த அட்டை புண்ணுக்கு ஆபரேசன் பண்ணும், புண்ணு வராம காக்குற சேருக்கு ஒரு ஒயர் வாங்கித் தராது. ஜாய்ஸ்டிக்குக்கு எங்க கையில இருந்து குடுத்த காச விட ஆபரேசனுக்கு அரசாங்கம் கட்டுனது எத்தனையோ மடங்கு. தனியார் பாலிசியும் பாத்தேன். மாற்றுத்திறனாளிகளுக்குன்னு பாலிசி கொண்டு வரணும்னு 2023 பிப்ரவரியில காப்பீட்டுக் கம்பெனிகள மேற்பாக்குற ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் உத்தரவு போட்டிருக்கு, சரி. ஆனா எங்களுக்கு காட்டுன பாலிசி தாள்ல வீல்சேர், ஊன்றுகோல் எல்லாம் சேராதுன்னு பொடி எழுத்துல போட்டிருந்துச்சு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 24ஆம் பிரிவ எடுத்துப் பாருங்க. வருமான வரம்புக்குள்ள இருக்கவங்களுக்கு உதவி உபகரணம் இலவசமா குடுக்கணும்னு இருக்கு, முழுமையான காப்பீட்டுத் திட்டம் வேணும்னும் இருக்கு. குடுத்த உபகரணம் ரிப்பேர் ஆனா என்ன செய்யணும்னு அங்க ஒரு சொல்லு இல்ல. வரியும் அப்படித்தான், வீல்சேருக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, அதே சேருக்கு தனியா பேட்டரி வாங்குனா 18.

வாங்குன பொருள நம்மளோ வெளி மெக்கானிக்கோ ரிப்பேர் பாக்க வழி வேணும்ங்கிறதுதான் ரிப்பேர் உரிமை. மத்திய அரசு 2022ல அதுக்குன்னு கமிட்டி போட்டு டிசம்பர் 24 அன்னைக்கு ஒரு போர்ட்டலும் தொடங்குச்சு. அதுல எடுத்துக்கிட்டது நாலு துறை: விவசாயக் கருவி, மொபைல் மாதிரி எலக்ட்ரானிக்ஸ், ஃப்ரிட்ஜ் வாசிங் மெசின் மாதிரி வீட்டுச் சாமான், வண்டி வாகனம். வீல்சேர் அதுல இல்ல. போன் ரிப்பேர் ஆனா ரெண்டு நாளு போன் இல்லாம இருந்துக்கிடலாம், அப்பாவுக்கு இது காலு.

அதே 2022ல அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் பவர் வீல்சேருக்குன்னே ஒரு சட்டம் போட்டுச்சு, அந்த நாட்டுலயே அதுதான் மொத, 2023 ஜனவரி 1ல இருந்து நடப்புல இருக்கு. பார்ட்டு, டூல்ஸ், சாஃப்ட்வேர், ரிப்பேர் புத்தகம் எல்லாத்தையும் நியாயமான விலைக்கு சேர்க்காரங்களுக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனி குடுத்தே ஆவணும். அங்க ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டுல இந்த மாதிரி சேர் ரிப்பேருக்கு முன்அனுமதி கேட்டு இழுத்தடிக்கக் கூடாதுன்னும் அதே வருசம் தனியா ஒரு சட்டம் போட்டாங்க. ரெண்டும் சேந்தாதான் வேலை நடக்கும், பார்ட்டு கெடைச்சு காசு இல்லன்னாலும் கஷ்டம், காசு இருந்து பார்ட்டு கெடைக்கலன்னாலும் எங்க கதிதான். 2025ல வாசிங்டன் மாநிலமும் இந்த மாதிரி சட்டம் கொண்டு வந்துட்டு.

நம்ம சீமைக்கு வீல்சேர் புதுசு ஒண்ணும் இல்ல. தென்காசி பக்கம் ஆய்க்குடியில மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்த 1981ல தொடங்குன ராமகிருஷ்ணன் அய்யா கழுத்துக்குக் கீழ அசைவு இல்லாம வீல்சேர்ல இருந்துக்கிட்டேதான் அத்தன பேர தூக்கி விட்டாவ, 2020ல பத்மஸ்ரீ வாங்குனாவ. வீல்சேர்ல இருக்க ஆளால என்ன முடியும்னு தென்காசிக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நான் கேக்குறது இதுதான். ரிப்பேர் உரிமைப் பட்டியல்ல வீல்சேரயும் மத்த உதவி உபகரணத்தயும் சேக்கச் சொல்லி சட்டமன்றத்துல தீர்மானம் கொண்டு வந்து டெல்லிக்கு அனுப்புங்க. காப்பீட்டு அட்டையில சேர் ரிப்பேரையும் பேட்டரியவும் சேக்கச் சொல்லி பேசுங்க, அது மாநிலத்து கையில இருக்க திட்டம், யாரையும் கேக்க வேண்டியதில்ல. அரசாங்கம் டெண்டர் விட்டு சேர் வாங்கும்போது பார்ட்டும் ரிப்பேர் புத்தகமும் இந்த ஊர்லயே கெடைக்கணும்னு ஒரு நிபந்தனை போட்டாலே பாதி கம்பெனி வழிக்கு வந்திரும். அப்புறம், ரிப்பேருக்கு போற நாள்ல இரவல் குடுக்க ஒவ்வொரு தாலுகாவுலயும் நாலு நல்ல சேர் இருக்கட்டும். அப்பாவுக்கு அது ஒண்ணு கெடைச்சிருந்தாலே போதும், இப்படி ஆயிருக்காது.

இப்ப அவிய ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரந்தான் உக்காரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்த ரெண்டு மணி நேரத்தையும் சாயங்காலத்துக்குன்னு எடுத்து வச்சு முடுக்கு தாண்டிப் போய் பனங்காட்ட பாத்துட்டு வாராவ. ரெண்டு வாரமா இடது மோட்டார்ல கரகரன்னு ஒரு சத்தம் கேக்கு. மெக்கானிக் அண்ணாச்சி காத வச்சுக் கேட்டுட்டு பேரிங்கா இருக்கும்னு சொல்லுதாரு, அந்த பேரிங் நம்பரு என்னன்னு கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கோம், இன்னும் பதில் வரல. அடுத்த கூட்டத்தொடருக்கு நீங்க சென்னை போறதுக்குள்ள ஒருநா எங்க வீட்டுக்கு வந்து அந்த சத்தத்த கேட்டுட்டுப் போங்க.

இப்படிக்கு,
ராதாபுரம் தொகுதியில ஓட்டுப் போடுற ஒரு பனையேறி மக