செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பயிற்சி ரைபிளுக்கு ஸ்கோப் தேர்ந்தெடுத்தது

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ரைபிள்கள், தோட்டாக்களின் இருப்புப் பதிவேடு சரிபார்க்கப்பட்டுக் கையெழுத்தாகியுள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். குண்டுகளைத் தாங்கும், மழையில் சரிந்த மண்மேட்டை மீண்டும் உயர்த்திவிட்டோம். ஆண்டு முழுவதும் ரேஞ்சில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வெயிலில் நின்று ரேஞ்ச் அதிகாரிகளாகக் கடமை செய்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இனி, இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "பேப்பரைப் பார்த்தால் முன் சைட் மங்குது, முன் சைட்டைப் பார்த்தால் பேப்பர் மங்குது, இனி நான் வந்து என்ன செய்ய?" என்று கேட்டார். பேப்பர் என்றது இலக்குத்தாளை, முன் சைட் என்றது குழல் நுனியில் குறிபார்க்க உள்ள உறுப்பை. முப்பது வருடமாக நம்மோடு சுடுபவர். அவர் கேட்டது பல நாள் என் மனதை விட்டுப் போகவில்லை. ஐம்பதைத் தாண்டிய நம்மில் பலருக்கும் இதே நிலைதான். ரைபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்பில், குறிவைக்க உள்ளே உள்ள குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும், கண் இரண்டு தூரத்துக்கு மாறி மாறி ஓட வேண்டியதில்லை. அதனால் சங்கத்தின் பொதுப் பயிற்சி ரைபிளான, சிறு தோட்டாவைக் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றிச் சுடும் பழைய .22 போல்ட் ஆக்‌ஷனுக்கு ஒரு ஸ்கோப் வாங்குவதென்று தீர்மானித்தோம்.

எதிர்ப்பும் வந்தது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ரைபிள் மேல் ஸ்கோப் வைக்க அனுமதி கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றதும், சிறு துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் பீப் சைட்டில்தான். பிள்ளைகள் ஸ்கோப்புக்குப் பழகிவிட்டால் போட்டியில் திணறுவார்கள் என்று பயிற்சியாளர்கள் சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். எனவே போட்டிக்குத் தயாராகும் ஜூனியர்கள் இந்த ரைபிளைத் தொட வேண்டாம் என்று முடிவானது.

அப்புறம் எந்த ஸ்கோப் என்ற கேள்வி. முதலில் எல்லோரும் பெருக்கத்தைத்தான் பார்த்தோம். 24 மடங்கு என்றால் 12 மடங்கைவிட நல்லது என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. உறுப்பினர்களிடம் மூன்று ஸ்கோப்புகளை இரவல் வாங்கிச் சோதித்த பிறகு அந்த எண்ணம் மாறியது.

ஒரு ஞாயிறு காலை போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு ரைபிளை மணல் மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் உட்கார வைத்தோம். முதல் ஸ்கோப், 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ் கொண்டது, 100 மீட்டர் தூரத்துக்கு மட்டும் பொருந்தும்படி நிலையாக அமைக்கப்பட்டது. 50 மீட்டரில் இலக்கு. யாரும் ரைபிளைத் தொடக்கூடாது, குனிந்து பார்த்துத் தலையை மட்டும் இடவலமாக மெல்ல நகர்த்த வேண்டும். குறுக்குக்கோடு கறுப்பு வட்டத்தின் மேல் ஊர்ந்தது! ரைபிள் கல் மாதிரி இருக்கிறது, கோடு நகர்கிறது. பள்ளி ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறுமே, அதே இடமாறு தோற்றப் பிழைதான் (பேரலாக்ஸ்) இது. கணக்குப் போட்டால், கண் லென்ஸின் ஓரம்வரை விலகும்போது இந்த ஸ்கோப் 50 மீட்டரில் ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் வரை ஏமாற்றும். 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர், அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே 8 மில்லிமீட்டர். ஒரு வளையத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். சுட்டவரோ தன் ட்ரிகர் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பேரலாக்ஸைத் தூரத்துக்கு ஏற்பத் திருப்பிச் சரிசெய்யும் வசதி இல்லாத ஸ்கோப்பை அன்றே ஒதுக்கிவிட்டோம்.

அடுத்தது பெருக்கம். நம் ரேஞ்சில் பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். பெருக்கத்தை 6 முதல் 24 மடங்குவரை மாற்றக்கூடிய ஸ்கோப்பை 24-இல் வைத்துப் பார்த்தபோது கறுப்பு வட்டம் கொதிக்கும் எண்ணெயில் போட்ட அப்பளம்போல் நெளிந்தது. 10-க்கு இறக்கியதும் அடங்கியது. இன்னொன்று: முன் லென்ஸின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். அந்த ஸ்கோப்பின் 50 மில்லிமீட்டர் லென்ஸை 24-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம்தான். தலை கொஞ்சம் விலகினாலும் படம் கறுத்துவிடும். புதிதாக வருபவர்கள் அதைத் தேடியே களைத்துப்போனார்கள். 40-ஐ 12-ஆல் வகுத்தால் 3.3, கண் சுலபமாக உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது, குறி படும் இடத்தைக் கிளிக் கிளிக்காக நகர்த்தும் குமிழ்களின் நேர்மை. இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இந்த ரைபிளை 50 மீட்டரிலும் 100 மீட்டரிலும் பயன்படுத்துகிறோம். 50-க்குச் சரிசெய்த ரைபிளால் 100-இல் சுட்டால் ஒலியைவிட மெதுவாகப் போகும் .22 தோட்டா சுமார் ஒரு சாண் கீழே விழும். ஒரு கிளிக்குக் கால் மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு மினிட்) நகரும் குமிழில் ஏறக்குறைய முப்பது கிளிக் ஏற்றி, திரும்பி வரும்போது அதே முப்பதையும் இறக்க வேண்டும். நாள்தோறும் பலர் கையில் நடக்கும் வேலை இது. ஆகவே சதுரச் சோதனை செய்தோம். ஐந்து சுட்டு, இருபது கிளிக் வலம், மறுபடி ஐந்து, பிறகு இதேபோல் மேல், இடப்பக்கம், கீழ். 50 மீட்டரில் சதுரம் பக்கத்துக்கு 73 மில்லிமீட்டர் வர வேண்டும், கடைசித் துளைக் கூட்டம் முதல் துளைக் கூட்டத்தின் மேலேயே விழ வேண்டும். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்த ஒரு ஸ்கோப், தொடங்கிய இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளியே திரும்பி வந்தது. மறுநாளும் அப்படித்தான். படத்தின் அழகைப் பார்த்து வாங்கியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

கடைசியில் 4–12 பெருக்கம், 40 மில்லிமீட்டர் லென்ஸ், பேரலாக்ஸ் திருகு, கால் மினிட் கிளிக் கொண்ட ஒன்றை வாங்கினோம். மில் என்ற வேறு கோண அளவில், கிளிக்குக்குப் பத்தில் ஒரு மில் நகரும் குமிழ் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். 50 மீட்டரில் மில் கிளிக் ஒன்று 5 மில்லிமீட்டர், கால் மினிட் 3.6. இரண்டு கிளிக் திருப்பினால் கிட்டத்தட்ட ஒரு வளையம் என்று சொல்லிக்கொடுப்பது எளிது என்பதால் பின்னதே நின்றது.

பொருத்துவதில் ஒரு சங்கடம். விற்றவர் கொடுத்த, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள், குறுக்கே வெட்டுகள் உள்ள பிக்காட்டினி தண்டவாளத்துக்கானவை, நம் ரைபிளில் இருப்பதோ சாய்ந்த ஓரங்கள் கொண்ட 11 மில்லிமீட்டர் டவ்டெய்ல் பள்ளம். மூன்று முறை பேசியும் மாற்றித் தரவில்லை, வேறிடத்தில் வாங்க வேண்டியதாயிற்று. இந்தக் கூடுதல் செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். வாங்கும் முன் பள்ளத்தை அளந்து எழுதி அனுப்பாதது என் தவறு. குறுக்குக்கோட்டை நேராக்க, கொத்தனாராக இருக்கும் நம் உறுப்பினர் தன் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து 50 மீட்டரில் தொங்கவிட்டார். நூலோடு செங்குத்துக் கோடு ஒட்டி நின்ற பிறகே திருகுகளை மாற்றி மாற்றி, அளவாக இறுக்கினோம். ஸ்கோப் சைட்டைவிட உயரம் என்பதால் கன்னம் படும் இடத்தில் ரப்பர் ஷீட் மடித்துக் கட்டியிருக்கிறோம். தயவுசெய்து அதை யாரும் அவிழ்க்க வேண்டாம்.

வரும் ஆண்டில் ரைபிள் அருகே ஒரு குறிப்பேடு தொங்கும். 100-க்கு ஏற்றியவர் எத்தனை கிளிக் என்று எழுதி, 50-க்கு இறக்கிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன மூத்த உறுப்பினர் மார்கழியிலிருந்து மீண்டும் ஞாயிறுதோறும் வருகிறார். அவர் சுட்ட முதல் பேப்பரைக் கேட்டு வாங்கி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்